ஆர்லிஸ் அடைத்த குழாய்

ஆர்லிஸ் குச்சேராவைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். பாதிக் கதை டயர் கடை வான்ஸ் கிளப்பிவிட்டது, மீதி பீர் கிளப்பிவிட்டது. நடந்ததை நான் சொல்கிறேன். ரேஸ் டிராக்கில் சாப்பாட்டுக் கடை என்னுடையது, டாட்டி கடை என்பார்கள். என் கடை ஜன்னலில் நின்றால் புறப்படுகிற கோடும் தெரியும், முடிகிற கோடும் தெரியும். கல்லாவில் கை இருந்தாலும் என் கண் வெளியேதான் இருக்கும்.

ஆர்லிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். மேற்கு நெப்ராஸ்காவில் பஸ் ஓட்டுவது என்றால் மண் ரோடு, சோளக்காடு, ஒரு தபால் பெட்டி, ஒரு பிள்ளை, மறுபடி சோளக்காடு. அவள் பஸ் எங்கள் வீட்டு முனையில் திரும்புகிற சத்தம் கேட்டால் நான் காபி அடுப்பை அணைப்பேன். கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கடிகாரத்துக்கு பாட்டரி தீரும், ஆர்லிஸுக்குத் தீராது.

ஒருமுறை பஸ்ஸுக்கு முன்னால் ஹென்ரிக்சன் வீட்டுக் காளை நடுரோட்டில் படுத்துவிட்டது. பின்னால் வந்த தானிய லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். ஆர்லிஸ் பஸ்ஸை அணைத்தாள், இறங்கினாள், நேராக லாரிக் கதவுக்குப் போனாள்.

"அவசரம்னா நீ போய் அதை எழுப்பு. என் பஸ்ஸுல புள்ளைங்க இருக்கு. அது எழுந்திரிக்கிற வரைக்கும் நான் நிப்பேன்."

லாரிக்காரன் எழுப்பப் போனான். காளை எழுந்து அவனை வேலிவரைக்கும் துரத்தியது. அவள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கும் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்னால் பஸ் வாசலில் நின்றது.

இப்படிப்பட்ட ஒருத்திக்கு வாழ்க்கையில் கிடைத்ததெல்லாம் இரண்டாம் இடம். பள்ளியில் எழுத்துக்கூட்டும் போட்டியில் இரண்டாவது. சந்தைத் திருவிழாவில் அவள் சுடுகிற ருபார்ப் பை என்னும் புளிப்பு இனிப்புப் பணியாரத்துக்கு வருடம் தவறாமல் சிவப்பு ரிப்பன், அதாவது இரண்டாம் பரிசு. நீல ரிப்பன் எப்போதும் பாதிரியார் மனைவிக்குப் போகும். அந்தம்மா சுட்டதையும் நான் தின்றிருக்கிறேன். பாதிரியார் மனைவியாக இல்லாவிட்டால் அந்தம்மாவுக்கு ஆறுதல் பரிசு கூடக் கிடைத்திருக்காது. ஆர்லிஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். ரிப்பனை வாங்கி பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

ரேஸ் வண்டி முதலில் அவள் புருஷன் டெல்மருடையது. தானியக் கிடங்கில் வேலை பார்த்து, ஆசை ஆசையாக வாங்கிய சிவப்பு பிக்கப். ஒரு குளிர்காலத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பேச்சு மெதுவாக வரும், ஆனால் குத்த வேண்டிய இடத்தில் சரியாகக் குத்தும். வண்டி ஷெட்டில் தூங்கியது. மறுவருடம் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்லிஸ் அதை எடுத்துக்கொண்டு டிராக்குக்கு வந்து வரிசையில் நின்றாள். டெல்மர் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் டிராக்கில் வேகமான வண்டிதான் ஜெயிக்கும் என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். கால் மைல் தூரத்தை எத்தனை நொடியில் ஓடப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே வண்டிக் கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். எழுதுவது ஷூவுக்குப் போடுகிற வெள்ளைப் பாலிஷால். மெதுவான வண்டியை அந்த வித்தியாசத்துக்குத் தகுந்தபடி முன்னால் அனுப்புவார்கள், வேகமானது பின்னால் துரத்தும். கோட்டை முதலில் தாண்டுகிறவருக்கு வெற்றி. ஆனால் எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. சொன்னபடி ஓட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. ஒரே ரோட்டில் ஒரே மாதிரி ஓட்டியே காலம் தள்ளியவளுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு உலகத்தில் கிடையாது. முதல் வருடமே பெரிய பெரிய ஆம்பிளைகளை வீட்டுக்கு அனுப்பினாள்.

ஆனால் கடைசிச் சுற்றில் தோற்றாள். அடுத்த வருடமும் கடைசிச் சுற்றில் தோற்றாள். அதற்கடுத்த வருடமும். மூன்று முறையும் அவளைத் தோற்கடித்தவன் வான்ஸ்.

வான்ஸ் டயர் கடை வைத்திருப்பவன். பெரிய வயிறு, பெரிய இன்ஜின், பெரிய வாய். எங்கள் டிராக்கில் அந்த வருடம் ஜெயித்தவருக்கு மறுவருடம் முழுக்க வண்டியில் ஒன்றாம் எண். வேறு யாரும் அதைப் போட முடியாது. கொடுக்கிற கோப்பையை எவனும் தூசி தட்டக்கூட எடுக்கமாட்டான், அந்த ஒன்றுக்காக அடித்துக்கொள்வார்கள். வான்ஸின் கறுப்பு காரில் அது நிரந்தரமாகக் குடியிருந்தது.

"பஸ்ஸம்மா, இந்த வருஷமும் உனக்குப் பின்சீட்டுதானா?" என்பான் அவன், என் கடை முன்னால் நின்று மிளகாய்க் குழம்பும் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் தின்றுகொண்டு.

"வாயைத் துடை. குழம்பு தாடியில வழியுது" என்பாள் ஆர்லிஸ்.

மூன்று தோல்விக்கும் காரணம் அவள் இல்லை, வண்டி. டெல்மர் வாங்கியது தொழிற்சாலையிலேயே சூப்பர்சார்ஜர் பூட்டி வந்த வண்டி. இன்ஜின் மேல் உட்கார்ந்துகொண்டு காற்றை உள்ளே திணிக்கிற யந்திரம் அது. நாங்கள் ப்ளோயர் என்போம். எவ்வளவு காற்றைத் திணிக்கிறதோ அவ்வளவு பலம். ஆனால் வண்டியின் கம்ப்யூட்டர் பயந்தாங்கொள்ளி. இன்ஜின் சூடாகிறது என்று அதற்குத் தோன்றினால் போதும், ஒரு வால்வைத் திறந்து திணித்த காற்றை வந்த வழியே திருப்பிவிடும். வண்டி நடு ஓட்டத்தில் சோம்பிப் போகும். எப்போது திறக்கும், எவ்வளவு திறக்கும் என்பது அதற்கே வெளிச்சம். காலையில் குளிர்ச்சியில் சொன்னபடி ஓடும். சுற்றுக்கு மேல் சுற்று ஜெயித்து, மத்தியான வெயிலில் கடைசிச் சுற்றுக்கு வந்து நிற்கும்போதுதான் காலை வாரும்.

நான்காவது வருடம் வசந்தத்தில் அவர்கள் வீட்டை விற்க ஏற்பாடாகிவிட்டது. டெல்மருக்கு வைத்தியம் பார்க்க லிங்கன் நகரத்தில்தான் வசதி, மகள் அங்கேதான் இருக்கிறாள். குளிர்காலத்துக்கு முன் கிளம்பிவிடுவதாக முடிவு. ஆகவே அதுதான் ஆர்லிஸுக்குக் கடைசி வருடம். அவர்களுக்குக் கொடுக்க நான் முட்டைக்கோஸும் மாட்டுக்கறியும் அடைத்த பன் கொண்டு போனபோது ஷெட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வண்டியின் மூடி திறந்திருந்தது. ஆர்லிஸ் கையில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாயின் நுனி. மறு கையில் கோல்ஃப் பந்தை நிறுத்தி வைக்கிற மரக்குச்சி. கம்ப்யூட்டர் அந்தக் குழாய் வழியாகத்தான் வால்வைத் திறக்கிறதாம். குழாயைப் பிடுங்கி, வாயில் அந்தக் குச்சியைச் சொருகிவிட்டால் கம்ப்யூட்டர் கத்தினாலும் வால்வுக்குக் கேட்காது. குச்சி கொடுத்தது, யோசனை கொடுத்தது எல்லாம் பஸ் ஷெட் மெக்கானிக் இர்வின்.

"ஃபாக்டரிக்காரன் என்ன முட்டாளா? காரணம் இல்லாமலா வெச்சிருப்பான்?" என்றான் டெல்மர்.

"காரணம் இருக்கு. வாங்குறவன் எல்லாம் உன்னை மாதிரி காலை எடுக்கத் தெரியாதவனா இருப்பான்னு அவனுக்குத் தெரியும்."

"சூட்டுல பிஸ்டன் உருகிடும்டி."

"உருக விடமாட்டேன்."

"உருகுச்சுன்னா? இன்னொரு இன்ஜினுக்கு நமக்கு வழி கிடையாது. லிங்கனுக்கு என்னை எதுல கூட்டிட்டுப் போவ, பஸ்ஸுலயா?"

ஆர்லிஸ் குச்சியை விரலில் உருட்டினாள். பிறகு குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டெல்மர், எனக்கு அந்த ஒண்ணு வேணும். வாழ்க்கையில நான் இதுவரைக்கும் எதையும் வேணும்னு கேட்டதில்ல. இதைக் கேக்கிறேன்."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. டெல்மர் வாயிலிருந்த விதைத் தோலைத் துப்பினான்.

"சூடு ஒரு அளவுக்கு மேல போனா காலை எடுப்பியா? எங்க இருந்தாலும்? கடைசிச் சுற்றா இருந்தாலும்?"

"எடுப்பேன்."

"சத்தியமா?"

"நான் என்னைக்குடா சொன்னதைச் செய்யாம இருந்திருக்கேன்?"

அவள் குச்சியைச் சொருகினாள். இர்வின் டேஷ்போர்டுக்குப் பக்கத்தில் ஒரு சூடு காட்டும் மீட்டர் பொருத்திக் கொடுத்தான். அந்த மீட்டர் கண்ணாடியில் கோடு போட அவளிடம் ஒன்றும் இல்லை, என் பையிலிருந்த சிவப்பு நகப்பூச்சைத்தான் கொடுத்தேன். ஊசி அந்தக் கோட்டைத் தொட்டால் கால் மேலே வர வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

இனி ஜெயிக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். எங்கே! முதல் போட்டியிலேயே சந்தி சிரித்தது.

காலைச் சுற்றுகளை ஊதித் தள்ளிவிட்டு வான்ஸுக்கு எதிரே வந்து நின்றாள். நல்ல வெயில். கண்ணாடியில் எழுதும்போது பழைய பழக்கம் கையைப் பிடித்துக்கொண்டது. வெயிலில் வண்டி சோம்பும் என்று மூன்று வருடமாகக் கொஞ்சம் கூட்டி எழுதிய கை. அன்றைக்கும் கூட்டி எழுதிவிட்டது. சோம்புவதற்கு வால்வு திறந்தால்தானே? வண்டி எழுதியதைவிட வேகமாகப் போய்க் கோட்டைத் தாண்டியது. அவள் பக்கத்தில் தோல்வி விளக்கு எரிந்தது. அவளுக்குப் பின்னால் வந்த வான்ஸ் சும்மா உருண்டு வந்து ஜெயித்துவிட்டான்.

"பஸ்ஸம்மா! ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்ட! புள்ளைங்க எல்லாம் பின்னால நிக்குது பாரு!" என்று அவன் கத்த, மைக்கில் அறிவிப்புச் சொல்கிற மெர்ல்கூட அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அன்றைக்கு மெர்லுக்கு என் கடையில் காபி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஆர்லிஸ் வண்டியை நிறுத்திவிட்டு வந்து என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தது.

"குச்சியைப் பிடுங்கிடலாமா?" என்றேன்.

"வண்டி சரியாத்தான் ஓடுச்சு. நான்தான் பழைய வண்டியை ஓட்டிட்டு இருந்தேன்" என்றாள். எலுமிச்சை சர்பத்தைக் குடித்து முடித்தாள், எழுந்து போனாள்.

அதற்கப்புறம் அவளைப் பார்த்திருக்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலங்களில் டிராக்கை ஒத்திகைக்குத் திறந்துவிடுவார்கள். மற்றவர்கள் வந்து டயரைப் புகைத்து, பெண்களுக்கு முன்னால் சீன் போட்டுவிட்டுப் போவார்கள். ஆர்லிஸ் வெயிலோ காற்றோ வரிசையில் நின்று ஓடுவாள், சுற்றி வந்து மறுபடி ஓடுவாள். வேண்டுமென்றே வண்டியைச் சூடாக்கி ஓடுவாள், ஐஸ் மூட்டையை ப்ளோயர் மேல் போட்டுக் குளிரவைத்து ஓடுவாள். ஊசி சிவப்புக் கோட்டை நெருங்கும்போது இன்ஜின் எப்படிப் பேசுகிறது என்று கேட்டுக்கொள்வாள். கம்ப்யூட்டர் பார்த்த காவல் வேலையை அவள் தன் தலைமேல் போட்டுக்கொண்டாள். ஐஸ் எல்லாம் என் கடை மெஷினிலிருந்துதான். கோடை முடிவதற்குள் அவள் எழுதுகிற எண்ணும் ஓடுகிற எண்ணும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் போல ஆகிவிட்டன. வான்ஸின் சத்தம் குறைந்தது. எங்கள் ஆண்களுக்குப் பயம் வந்தால் முதலில் நிற்பது கேலி.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. வருடத்தின் கடைசிப் போட்டி. வருடம் முழுக்கச் சேர்ந்த புள்ளியில் வான்ஸும் ஆர்லிஸும் சமம். அன்றைக்கு யார் மேலே வருகிறாரோ அவருக்கு ஒன்று, மற்றவருக்கு இரண்டு.

குளிர வேண்டிய மாதத்தில் தெற்கிலிருந்து அனல்காற்று அடித்தது. அறுவடைத் தூசி கண்ணை மறைத்தது. மத்தியானத்துக்குள் என் ஐஸ் மெஷின் உயிரை விட்டது. உதைத்துப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மிச்சம் இருந்தது நாலு மூட்டை. ஆர்லிஸுக்கு எடுத்து வைப்பதற்குள் வான்ஸ் வந்து ஜன்னலில் கை வைத்தான்.

"நாலையும் கொடு."

"உன் காருக்கு ப்ளோயரே கிடையாது. உனக்கு எதுக்குடா ஐஸ்?"

"பீருக்கு. விக்கிறதுக்குத்தானே கடை வெச்சிருக்க, டாட்டி?"

கொடுக்காமல் இருக்க எனக்கு வழி இல்லை. எல்லார் முன்னாலும் கேட்கிறான். கொடுத்தேன், ஆனால் அவன் வம்சத்தையே வாய்க்குள் வாழ்த்திக்கொண்டு கொடுத்தேன்.

ஆர்லிஸும் வான்ஸும்தான் கடைசிச் சுற்றுக்கு வந்தார்கள். அரையிறுதிச் சுற்றை முடித்த கையோடு மெர்ல் மைக்கில் இருவரையும் கூப்பிட்டுவிட்டான், மழை மேகம் வருகிறது என்று. வண்டி ஆறவே நேரமில்லை. நான் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஆர்லிஸ் மூடியைத் திறந்து வைத்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். மீட்டர் ஊசி சிவப்புக் கோட்டுக்குக் கீழே, கொஞ்சம்தான் கீழே.

டெல்மர் கைத்தடியை ஊன்றி எழுந்து வந்துவிட்டான். "அந்தக் குழாயை மாட்டிடு ஆர்லிஸ். இன்னைக்கு ஒருநாள் கம்ப்யூட்டர் பாத்துக்கட்டும்."

"மாட்டினா அது எப்போ கையை விரிக்கும்னு எனக்குத் தெரியாது. என் கால் எப்போ எழும்பும்னு எனக்குத் தெரியும்."

"சூடு இருக்குடி."

"தெரியுது. கண்ணு இருக்கு எனக்கு."

"வான்ஸ்கிட்ட ஒரு மூட்டை ஐஸ் கேட்டுப் பாரேன்" என்று சொன்னவள் நான். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நானே வாயை மூடிக்கொண்டேன்.

பாலிஷ் புட்டியை எடுத்தாள். முன்பெல்லாம் டெல்மர்தான் கண்ணாடியில் எழுதுவான், அழகான கையெழுத்து. கை போனபிறகு புட்டியைத் தொடவே மாட்டான். அவளே எழுதினாள். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை.

பக்கத்துப் பாதையிலிருந்து வான்ஸ் தலையை நீட்டினான். "அடுத்த வருஷம் நீ ஊர்லயே இருக்கப் போறதில்ல. ஒண்ணை வாங்கி என்ன பண்ணப் போற? எங்க ஒட்டுவ?"

"என் கண்ணாடியில. உனக்கு ஒட்ட ஒண்ணு இல்லாமப் போகும், அதைப் பத்திக் கவலைப்படு."

வான்ஸ் கண்ணாடியில் எழுதியிருந்த எண்ணை நான் பார்த்தேன். அவன் கார் ஓடக்கூடியதைவிட மெதுவான எண். அவன் வழக்கமாகச் செய்கிற தந்திரம்தான், விதிப்படி தப்பும் இல்லை. பலத்தை மிச்சம் வைத்துக்கொண்டு, முன்னால் போகிற வண்டியை விரட்டிப் பிடித்து, கடைசியில் அதன் மூக்குக்கு ஒரு கை முன்னால் போகிற மாதிரி பிரேக்கைத் தொட்டுக் கோட்டைத் தாண்டுவான். இதற்கு ஒன்றுதான் தேவை. முன்னால் போகிற வண்டி ஒரே சீராகப் போக வேண்டும். ஆர்லிஸைவிடச் சீராகப் போகிற ஆள் எங்கே கிடைக்கும்?

புறப்பாட்டு விளக்குகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக எரிந்தன. ஆர்லிஸ் கிளம்பினாள். வண்டியின் பின்பக்கம் அமுங்கி, ப்ளோயர் ஊளையிட்டது. கொஞ்ச நேரம் கழித்து வான்ஸ் கிளம்பியபோது நிலம் அதிர்ந்தது. பாதித் தூரம், முக்கால் தூரம். அவள் முன்னால், அவன் நெருங்கிக்கொண்டே. டெல்மரின் நல்ல கை என் தோளைப் பிடித்திருந்தது.

அப்போது அந்த ஊளைச் சத்தம் நின்றது.

எல்லாருக்கும் முன்னால் டெல்மருக்குத்தான் புரிந்தது. "காலை எடுத்துட்டா" என்றான். கோடு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கை நீட்டினால் தொட்டுவிடலாம். ஊசி என் நகப்பூச்சைத் தொட்டுவிட்டது, அவள் காலை எடுத்துவிட்டாள். வண்டி தானே உருண்டது. வான்ஸின் கார் புயலாக அவளைத் தாண்டி முதலில் கோட்டைக் கடந்தது. ஜன்னல் வழியே அவன் முஷ்டி வெளியே வந்தது.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த ஜனம் கை தட்டவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு கூச்சல், அதற்கு மேல் இன்னொரு கூச்சல். திரும்பிப் பார்த்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெற்றி விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஆர்லிஸின் பாதையில்.

மெர்ல் மைக்கில் கத்தினான். "வான்ஸ் எழுதினதைவிட வேகமா ஓடிட்டான்! எழுதின எண்ணைத் தாண்டிட்டான்! ஜெயிச்சது ஆர்லிஸ் குச்சேரா!"

புரிகிறதா? அவள் கடைசிவரைக்கும் ஒரே சீராகப் போவாள் என்று அவன் நம்பியிருந்தான். அவள் வண்டியைத்தான் தன் அளவுகோலாக வைத்துக்கொண்டு பிரேக் மேல் காலை வைக்கக் காத்திருந்தான். அவள் திடீரென்று காலை எடுத்ததும் அளவுகோல் பின்னால் போய்விட்டது, அவன் பிரேக்கைத் தொடுவதற்குள் கோடு வந்துவிட்டது. மிச்சம் வைத்த பலமே அவனைத் தள்ளிவிட்டது.

ஆர்லிஸ் மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். விளக்கை அவள் பார்க்கவே இல்லை. இறங்கி, நேராக டெல்மரிடம் வந்தாள்.

"ஊசி கோட்டைத் தொட்டுச்சு. எடுத்துட்டேன்" என்றாள். "போகட்டும். இன்ஜின் நல்லா இருக்கு. லிங்கனுக்குப் போகலாம்."

"அடி பைத்தியமே" என்றான் டெல்மர், "நீ ஜெயிச்சுட்ட."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். பர்ஸைத் தேடுகிற மாதிரி கை இடுப்புக்குப் போனது, பிறகு அப்படியே நின்றது. முதலிடத்தை வாங்கி எங்கே வைப்பது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

பின்னால் வந்து ஆண்கள் விதவிதமாகக் கதை கட்டினார்கள். வேண்டுமென்றே காலை எடுத்தாள், வான்ஸை வலையில் விழவைத்தாள், பஸ்ஸம்மா பழைய நரி என்றெல்லாம். நானே ஒருநாள் நேராகக் கேட்டேன். "தந்திரமா?" அவள் சிரிக்கக்கூட இல்லை. "கோடு போட்டது நான். தொட்டா எடுக்கணும். வேற என்ன?" என்றாள். அதற்கு மேல் கதை கட்டுகிறவன் என் கடையில் வந்து கட்டக்கூடாது.

வான்ஸ் அன்றைக்கு அரைமணி நேரம் காரைவிட்டு இறங்கவில்லை. பிறகு தன் பீர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே இருந்த ஐஸை அள்ளி, கொதித்துக்கொண்டிருந்த ப்ளோயர் மேல் கொட்டினான். ஆவி எழும்பியது.

"பீர் சூடாகட்டும்" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நாலு மூட்டையும் குடிச்சுத் தீர்க்க முடியலையா?" என்றாள் ஆர்லிஸ்.

"வாயை மூடு பஸ்ஸம்மா" என்றான். ஆனால் கையை நீட்டினான், அவள் பிடித்துக் குலுக்கினாள்.

மழை தூற ஆரம்பித்தது. ஆர்லிஸ் கண்ணாடியில் எழுதியிருந்த எண்ணைத் துடைத்துவிட்டுப் பாலிஷ் புட்டியைத் திறந்தாள். டெல்மர் அவள் பக்கம் கையை நீட்டினான். வலது கை.

"கொடு."

"உன்னால பிடிக்க முடியாது டெல்மர்."

"ஒரு கோடுதானே? கொடுடி."

கொடுத்தாள். அவன் தோளால் வண்டியில் சாய்ந்துகொண்டு, மூச்சைப் பிடித்து, மேலேயிருந்து கீழே இழுத்தான். கோடு கண்ணாடியில் தொடங்கி, வழுக்கி, சிவப்புப் பெயின்ட் மேல் இறங்கி, கதவுப் பிடியில் போய் முடிந்தது. உலகத்திலேயே கோணலான ஒன்று. நாங்கள் மூன்று பேரும் நனைந்துகொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆர்லிஸ் அதைத் துடைக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

அக்டோபரில் அவர்கள் கிளம்பினார்கள். பின்னால் நாற்காலிகள், மெத்தை, ஒரு மாவு டப்பா, முன்னால் டெல்மரும் அவன் விதைப் பொட்டலமும். அந்தக் கோடு மழையில் கரைந்துபோகாமல் இருக்க அவள் கண்ணாடியில் இருந்த பாகத்தின் மேல் தெளிவான டேப் ஒட்டியிருந்தாள். குழாயில் கோல்ஃப் குச்சி அப்படியேதான் இருந்தது. பஸ் ரூட்டை இப்போது வேறொருத்தன் ஓட்டுகிறான். என் காபி தினமும் பொங்கி வழிகிறது.

அடுத்த வருடம் மே மாதம் டிராக் திறந்தது. வான்ஸின் கறுப்பு காரில் பெரிதாக இரண்டு. போட்டி முழுக்கத் தேடினாலும் ஒன்று என்று எந்த வண்டியிலும் கிடையாது. யாரோ ஒரு வெளியூர்ப் பையன் என் கடை முன்னால் நின்று வான்ஸிடம் கேட்டான்.

"நீங்கதான் இங்க பெரிய ஆளுன்னாங்க. ரெண்டு போட்டிருக்கீங்க. ஒண்ணு எங்க?"

வான்ஸ் தாடியில் வழிந்த குழம்பைத் துடைத்துக்கொண்டான்.

"லிங்கன்ல மளிகை வாங்கப் போயிருக்கு" என்றான்.